இருபத்தைந்தாம் வரி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சிவகாசியில் இன்றுதான் காலண்டர்காரர்களுக்கு வருடப் பிறப்பு. எங்கள் அச்சகத்திலும் வரும் வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பத்துக்குப் பூஜை போட்டார்கள். முதலாளி தர்மர் அண்ணாச்சி எல்லோருக்கும் பொங்கலும் சுண்டலும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் விற்காமல் மிஞ்சிய இந்த டைரியையும் கொடுத்தார். பாதி வருடம் போன டைரி. "மிச்சம் பாதியை எழுதும், தம்பி" என்றார்.

எழுதலாம். பெரிய நிரலாளர்கள் எல்லாம் நாள்தோறும் எழுதுவார்களாம். நிரல், மொழி, கருவி பற்றித் தோன்றுவதை எல்லாம் நான் ஏற்கெனவே கணினியில் ஒரு கோப்பில் எழுதி வருகிறேன், வரிக்கு ஒன்று. இரண்டு வருடத்துக்குமுன், சென்னைக் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியபின் இங்கே வந்த நாளில் தொடங்கியது. ஆக, ஞானம் அங்கே, நடப்பு இங்கே.

நடப்பு இதுதான். என் பெயர் தவசிலிங்கம், வயது முப்பத்து மூன்று. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள் இருக்கிறதே, அதில் மேலே தேதி, நல்ல நேரம், ராகுகாலம், கீழே ஒரு பொன்மொழி, இவை எல்லாவற்றையும் தானாக அடுக்கித் தருகிற நிரல் எழுதுகிறேன். பழைய நிரலைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதப்போவதாக அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஓடுற வண்டியை ஏன்யா பிரிக்கீரு?" என்று கேட்டார். அவருக்கு மென்பொருள் வடிவமைப்பு தெரியாது.

ஆகஸ்ட் 9

பழைய நிரலை முதல்முறையாக முழுவதும் படித்தேன். எழுதியவர் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். பசியோடு எழுதியிருக்க வேண்டும். மாறிகளுக்கு எல்லாம் சாப்பாட்டுப் பெயர். 'புரோட்டா' என்பது கிழமை. 'சால்னா' என்பது ராகுகாலம். 'ஆம்லெட்' என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்தால் பிப்ரவரி மாதமே காணாமல் போகிறது. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

காலையிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தேன். பிழை திருத்துகிற சண்முகக்கனி பக்கத்து மேசையிலிருந்து, "புரோட்டாவைப் பாத்துத்தானே சார் சால்னா ஊத்துவாங்க? கிழமையைப் பாத்துத்தானே ராகுகாலம்? சரியாத்தான் பேரு வச்சிருக்காரு" என்றார்.

கோப்பில் எழுதிய குறிப்பு: பெயர் வைக்கும்முன் அது என்ன வேலை செய்கிறது என்று பார்.

சண்முகக்கனி சொன்னதால் எழுதியது அல்ல. எனக்கே தோன்றியது.

ஆகஸ்ட் 20

நிரல் ஓடுகிறது! ஒரே சொடுக்கில் ஒரு வருடத் தாளும் வந்து விழுகிறது. பொன்மொழி மட்டும் இல்லை. அதை எழுதித் தரும் ஆள் கண் ஆபரேஷனுக்காக மதுரை போயிருக்கிறாராம்.

வெற்றிடம் இருந்தால் அடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முடியாது. சும்மா சோதனைக்காக என் குறிப்புக் கோப்பையே உள்ளே விட்டேன். முதல் வரி ஜனவரி ஒன்றுக்கு, இரண்டாம் வரி இரண்டுக்கு, இப்படியே. கனகச்சிதமாக உட்கார்ந்தது. என் எழுத்தை விநாயகர் படத்துக்குக் கீழே பார்க்க ஒரு மாதிரி பெருமையாகக்கூட இருந்தது. கோப்பில் சில வரிகள் மற்றவர் கண்ணில் படக்கூடாதவை. சோதனைதானே, யார் பார்க்கப்போகிறார்கள்.

செப்டம்பர் 2

பொன்மொழிகள் வந்துவிட்டன. 'உழைப்பே உயர்வு தரும்', 'உயர்வு தருவது உழைப்பே' என்று ஒரு வருடத்துக்கும். என் கோப்பை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். இரண்டு கோப்புக்கும் பெயர் வைப்பதில் கொஞ்சம் அவசரம்: ஒன்று 'பொன்மொழி இறுதி', மற்றது 'பொன்மொழி இறுதி புதியது'. பரவாயில்லை, எது எது என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 11

ஒரு வருடத் தாளையும் புரூஃப் எடுத்து ஒன்பது நாளாகச் சண்முகக்கனி பார்த்து முடித்தார். அண்ணாச்சி ராகுகாலத்தையும் சாமி படத்தையும் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். மற்றபடி இந்த அச்சகத்தில் வெளியே போகும் ஒவ்வோர் எழுத்தையும் படிப்பது இந்த ஒரு பெண்தான்.

மாலையில் என் மேசைக்கு வந்து நின்றார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. கண்ணுக்கு அவ்வளவு வேலை கொடுத்தால் அப்படித்தான்.

"சார், பொன்மொழி எல்லாம் படிச்சேன்."

"பாவம் நீங்க" என்றேன்.

"இல்ல சார், இந்த வருஷம் நல்லாவே இருக்கு. ஜனவரி இருபத்தஞ்சுதான்... அது அப்படியே போகலாமான்னு கேக்கணும்."

அன்று சஷ்டி, சப்தமி ஏதாவது குழப்பமாக இருக்கும் என்று நினைத்தேன். நான் அப்போது அச்சு எந்திரத்தோடு கணினியை இணைக்கிற வேலையில் மூழ்கியிருந்தேன். "உங்களுக்குச் சரின்னு பட்டா விடுங்க. இல்லேன்னா நீங்களே மாத்திருங்க. உங்க கணினியிலயே அந்தத் தாள் திறக்கும்."

"நானே மாத்தலாமா?"

"தாராளமா. எங்கிட்டக் கேக்கவே வேண்டாம்."

புரூஃப் கட்டை அடுக்கி எடுத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

கோப்பில் எழுதிய குறிப்பு: நம்பகமான ஆளிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிடு. ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் வரவேண்டும் என்று வைக்காதே.

செப்டம்பர் 12

சண்முகக்கனி இன்று காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். புரூஃபில் ஏதோ பெரிய தப்பு இருக்கிறது என்று பயந்து ராகுகாலம் முழுவதையும் மறுபடி சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 19

அச்சுக்குப் பிளேட் போட்டாகிவிட்டது. நாலு லட்சம் காலண்டர். இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. சென்னையில் எழுதியதை எல்லாம் இரவோடு இரவாகத் திருத்தி ஏற்றிவிடலாம். இங்கே வெளியே போனால் போனதுதான். அச்சு எந்திரம் ஓடுகிற பக்கமே நான் போவதில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. அண்ணாச்சி சர்வருக்குச் சந்தனம் பூசினார். காற்று போகிற ஓட்டைகளாகப் பார்த்துப் பூசினார். எலுமிச்சம்பழம் ஒன்றை விசைப்பலகைக்கு அடியில் வைத்துவிட்டார். அது தெரியாமல் நான் அழுத்தித் தட்டியதில் பழம் பிதுங்கி 'க' பொத்தான் சிக்கிக்கொண்டது. "திருஷ்டி கழிஞ்சுது" என்றார்.

பொரி எல்லோருக்கும் ஒரு கை. சண்முகக்கனி தன் பங்கில் இருந்த பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கி என் தட்டில் போட்டார். அவருக்குப் பொட்டுக்கடலை பிடிக்காது போல.

அக்டோபர் 14

மதிய உணவு நேரத்தில் சண்முகக்கனி கேட்டார்: "சார், மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு ரொம்ப நாளு வெளிய சொல்லாமலே இருந்தா என்னாகும்?"

மிக நல்ல கேள்வி. நினைவகக் கசிவு பற்றி இங்கே யாருமே இதுவரை கேட்டதில்லை. ஒரு நிரல் எடுத்துக்கொண்ட இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் கணினி எப்படி மெல்ல மெல்லத் திணறும் என்று, தாள் எடுத்துப் படம் போட்டு விளக்கினேன். எந்தெந்த மொழிகளில் அது தானாகத் துப்புரவாகும், எவற்றில் நாமே செய்யவேண்டும் என்பதையும் சொன்னேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

"புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பவோ புரிஞ்சுருச்சு சார்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். சூட்டிகையான பெண். நிரல் எழுதக் கற்றுக்கொண்டால் எங்கேயோ போய்விடுவார்.

நவம்பர் 17

மழை. தாள் ஈரம் குடிக்கும் என்று அச்சை நிறுத்திவிட்டார்கள். சண்முகக்கனி லீவு. அலுவலகத்தில் வெளிச்சம் போதவில்லை.

டிசம்பர் 5

இன்று ஒரு செய்தி. சண்முகக்கனியைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து வருகிறார்களாம். ஜனவரி 26, விடுமுறை நாள். மாப்பிள்ளை வீட்டில் பருப்பு மில் இருக்கிறது. அவரே வந்து சொன்னார்.

"நீங்க என்ன சார் நினைக்கீங்க?"

என்னிடம் ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. ஆனால் கேட்டால் சொல்லவேண்டும். "வெளியாள் எழுதின நிரலை நம்ம நிரலோட சேக்கிறதுக்கு முன்னாடி நாலு பேருகிட்ட விசாரிக்கணும். நிலையான பதிப்பான்னு பாக்கணும். ஒருதடவை சேத்துட்டா அப்புறம் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம்" என்றேன்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். கொஞ்சம் ஓங்கி வைத்தார்.

இதில் எனக்கு என்ன வந்தது? நல்ல இடம். பருப்பு மில். நன்றாகத்தான் இருப்பார். பிற்பகல் முழுவதும் வரிசைப்படுத்தும் பகுதியைத் திருத்தி எழுதினேன். அது ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 6

வரிசைப்படுத்தும் பகுதியை மறுபடி திருத்தினேன். இப்போது ஓடவில்லை.

டிசம்பர் 22

காலண்டர் எல்லாம் லாரி ஏறிவிட்டது. அண்ணாச்சிக்கு மகிழ்ச்சி. புது வருடத்துக்குப் புது டைரி கொடுத்தார். இதிலேயே பின்பக்கம் இடம் இருக்கிறது, போதும் என்றேன். புது வருடத்தில் எழுத எனக்கு என்ன இருக்கப்போகிறது. தூக்கமும் சரியில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

ஜனவரி 1

அண்ணாச்சி அலுவலகத்தில் புதுக் காலண்டரை மாட்டி மேலுறைத் தாளைக் கிழித்தார். நான் பார்க்கவில்லை. எனக்குத் தேதி கைபேசியில் வருகிறது. நாள் முழுக்கத் தாளோடு மாரடித்துவிட்டு அதையே வேறு நின்று படிப்பார்களா?

ஜனவரி 22, வியாழன்

கை ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கோவில்பட்டியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் அண்ணாச்சிக்குப் போன் செய்தார். வருடாவருடம் எங்களிடம் ஆயிரம் காலண்டர் எடுப்பவர். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, இந்த வருஷம் பொன்மொழி எல்லாம் யாரு எழுதுனது? கடையை இடிச்சுக் கண்ணாடி வச்சுக் கட்டணும்னு மகன் ஒத்தக்கால்ல நின்னான். நேத்துத் தாளைக் கிழிக்கேன், 'ஓடுகிறதைக் கலைக்காதே. கலைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் நகல் எடு'ன்னு போட்டிருக்கு. அப்படியே நிறுத்திட்டேன். பத்திரத்தை எல்லாம் ரெண்டு ரெண்டு நகலும் எடுத்துட்டேன்!"

அது உழைப்பும் இல்லை, உயர்வும் இல்லை. அது என் வரி.

ஓடிப்போய் நிரலைத் திறந்தேன். 'பொன்மொழி இறுதி' என்பதுதான் என் குறிப்புக் கோப்பு. 'இறுதி புதியது' என்பதுதான் வந்த பொன்மொழி. நிரல் ஐந்து மாதமாக 'இறுதி'யைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. என் கிறுக்கல் நாலு லட்சம் வீட்டுச் சுவரில், விநாயகருக்கும் முருகனுக்கும் கீழே தொங்குகிறது.

மறைக்க முடியாது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்லத்தான் இப்படி வேர்த்துக் கொட்டுதா? அருப்புக்கோட்டை, சாத்தூர் எல்லாம் இதே பேச்சுத்தான்யா. ஒருத்தரு கிழிச்ச தாளைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு அலையுதாரு. அடுத்த வருஷத்துக்கும் நீரே எழுதிரும்."

வேலை பிழைத்தது. நிம்மதியோடு என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அந்த இருபத்தைந்தாம் வரி நினைவுக்கு வந்தது.

இந்த டைரியில்கூட அதை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். வேலைக்கு வந்த முதல் மாதம், பைத்தானுக்கும் யூனிகோடுக்கும் நடுவில், அந்தக் கோப்பில் இப்படி எழுதியிருந்தேன்: 'சண்முகக்கனி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு புரூஃப் பார்க்கிறார். பக்கத்தில் இருந்தால் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டவேண்டும். எப்படிக் கேட்பது?'

ஜனவரி இருபத்தைந்து. வருகிற ஞாயிறு. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், பெயரோடு, நாலு லட்சம் வீட்டில்!

அண்ணாச்சி அறைச் சுவரில் இருந்த காலண்டரில் கை வைத்தேன். "ஏய்! வராத நாளுத் தாளைத் தூக்கிப் பாக்கப்படாது. வீட்டுக்கு ஆகாது" என்று கத்தினார். நல்ல வேளை, ஊரே அப்படித்தான் நினைக்கிறது, யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கிடங்குக்கு ஓடி, மிச்சமிருந்த ஒரு காலண்டரை மடியில் வைத்துப் புரட்டினேன்.

என் வரி இல்லை. அந்த இடத்தில் இருந்தது இது:

'எழுதி வைத்தால் போதாது. வீட்டுக்கு வந்து கேட்கவும். நல்ல நேரம் மேலே உள்ளது.'

கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செப்டம்பர் மாதத்திலேயே பதில் சொல்லிவிட்டார். நாலு லட்சம் பிரதி அச்சடித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு நான் நினைவகக் கசிவு விளக்கி, படம் வேறு போட்டுக் காட்டியிருக்கிறேன். என்னைப்போல ஒரு மடையன் சிவகாசித் தாலுகாவிலேயே கிடையாது.

ஜனவரி 23

காலையில் அவர் மேசைக்குப் போனேன். "கனி, நான் உங்ககிட்ட..." என்று தொடங்கினேன். முதல்முறையாகக் கனி என்று கூப்பிட்டது அப்போதுதான்.

அவர் புரூஃபிலிருந்து தலை நிமிரவில்லை. "தேதி போட்டிருக்கு சார். அதுக்கு முன்னாடி சொன்னாச் செல்லாது."

"நான் பாக்காமலே விட்டிருந்தா? இருபத்தாறு வந்திருக்குமே?"

"வந்திருக்கும். பருப்பு மில்லுல போயி உக்காந்திருப்பேன்." இப்போது நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "பொண்ணு இதுக்கு மேல என்ன சார் பண்ணுவா? தினமும் உங்க மேசையில ஒரு காலண்டர் வச்சுப் பாத்தேன். அது மேலயே டீக் கிளாஸை வச்சீங்க."

அது உண்மை. வைத்தேன்.

ஜனவரி 24

சாத்தூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "முதல்ல நீ போயிக் கேளு. சரின்னாகன்னா நான் தட்டோட வாரேன். இல்லேன்னாகன்னா நான் ஒண்ணுமே கேள்விப்படல" என்றாள்.

ஒரு சட்டை இஸ்திரி போட்டேன். ஆப்பிள் வாங்கினேன். என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்து, எழுதியதை எல்லாம் அழித்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

நல்ல நேரம் காலை ஏழரை முதல் எட்டரை. ஏழரைக்கே கனி வீட்டுத் தெருமுனையில் நின்றுவிட்டேன். வீட்டு வாசல்வரை போவதற்கு எட்டு மணி ஆகிவிட்டது.

அவருடைய அப்பாதான் கதவைத் திறந்தார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சகத்திலிருந்து வருகிறேன் என்றேன். "ஞாயித்துக்கிழமையுமா வேலைக்குக் கூப்பிடுதாக?" என்று அலுத்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார். ஆப்பிளை அவர் கையில் கொடுத்தேன். எதற்கு ஆப்பிள் என்று அவர் முகத்தில் இருந்தது.

தெரிந்ததை முதலில் பேசுவோம் என்று பழைய நிரலைப் பற்றித் தொடங்கினேன். புரோட்டா, சால்னா எல்லாம் சொன்னேன். ஆம்லெட்டை எடுத்தால் பிப்ரவரி போய்விடும் என்றேன். அவர் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கனி காபி கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், எட்டேகாலு."

அவ்வளவுதான். மளமளவென்று வந்துவிட்டது. "ஐயா, கனியை எனக்குக் கட்டிக்குடுங்க. ரெண்டரை வருஷமா மனசுல வச்சிருக்கேன். கேக்கத் தெரியாம இருந்துட்டேன். அவங்க இல்லாத நாளுல எனக்கு அந்த ஆபீஸே பிடிக்கல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த காலண்டருக்கு முன்னால் நின்றார். அன்றைய தாளை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல மெல்ல வாய்விட்டுப் படித்தார். திரும்பி மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தார்.

"காலையில படிச்சப்பவே, என்னடா இது பொன்மொழி மாதிரி இல்லையேன்னு நினைச்சேன்" என்றார். "இது எத்தனை வீட்டுல தொங்குது?"

"நாலு லட்சம் ஐயா."

"நாலு லட்சம் வீட்டுக்குச் சொல்லியாச்சு. பெத்தவனுக்கு இப்பத்தான் சொல்றீக."

கனி சொன்னார்: "வைய வேண்டியதை அப்புறம் வையுங்கப்பா. எட்டரைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த ஆப்பிளைப் பார்த்தார். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்து விருதுநகர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டார்.

"அண்ணாச்சி, நாளைக்கு நீங்க அலைய வேண்டாம். மன்னிச்சுக்கோங்க. பொண்ணுக்கு இடம் அமைஞ்சுருச்சு."

நான் எழுந்த வேகத்தில் காபி சட்டையில் சிந்தியது. கனி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.